மொட்டைமாடி வெயிலும் கரண்ட் பில்லும்

குளிர்நாடுகளில் சுவருக்குள் பஞ்சு அடைப்பது அறைச்சூடு வெளியேறாமலிருக்க. பெருந்துறையில் தேவை நேர்மாறானது: பங்குனி, சித்திரையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் வெளிச்சூடு உள்ளே வரக்கூடாது. அது பெரும்பாலும் கூரை வழியாகவே வருகிறது. காங்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெயிலைச் சில மணி நேரம் கழித்தே கீழே இறக்கும். தெரு ஆறிய பிறகும் படுக்கையறை புழுங்குவது இதனால்தான். சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து லைன் வீடுகளின் சிமென்ட் ஷீட் உடனே சுட்டு உடனே ஆறும்; இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவருக்கு அது தண்டனை.

மலிவான பரிகாரம் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். வெள்ளை ஓடும் கூல் ரூஃப் பெயின்ட்டும் கூடுதல் காலம் உழைக்கும். அந்தக் காலத்துச் சுர்க்கி எனும் செங்கல்தூள் பூச்சும் தட்டோடும் ஓரளவு இதே வேலையைச் செய்தவைதான்.

கூரையைச் சரிசெய்தாலும் பழக்கம் மாறாவிட்டால் பயன் பாதிதான். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இரவுக்கு எட்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 480 யூனிட். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட் ஒரு பள்ளம். 2022 செப்டம்பர் கட்டணத்தில் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசமாக இருந்தது. ஆனால் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான மலிவு விலை பறிபோனது. 501-ஆவது யூனிட் மட்டுமே இப்படி 225 ரூபாயைக் கூடுதலாக்கியது. ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தி திறன் செயலகம். நட்சத்திரக் குறியீடுள்ள ஏசிகள் 24 டிகிரியிலேயே ஓடத் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. அதைக் குறைப்பது ரிமோட் பிடித்த கை. வெயில் தாழ்ந்ததும் ஜன்னலைத் திறந்து, 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறியைப் போட்டால் ஏசி நேரம் குறையும்.

கூரை வேலைகளில் ஆபத்துகளும் உண்டு. ஒயர் ஓடும் இடத்தில் தெர்மாகோல் சீலிங் எளிதில் தீப்பிடிக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைப்பதும் தேய்ப்பதும் நுரையீரலுக்குக் கேடான தூசியைக் கிளப்பும். "பத்து டிகிரி குறையும்" என்று பெயின்ட் விற்பவரிடம் அதை எழுத்தில் கேட்டு, பில்லும் வாங்க வேண்டும்.

வாக்கு பொய்த்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்; இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் தொடரலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. மின் மீட்டர் மீது சந்தேகம் வந்தால் கட்டணம் கட்டிச் சோதிக்கக் கேட்கலாம். தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். வாடகை பாக்கியைக் காட்டிக் குடியிருப்பவரின் மின்சாரத்தை வீட்டு உரிமையாளர் துண்டிப்பதை, 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தடுக்கிறது.