இலக்கியம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

பொறியியல் கல்லூரிகளில் மாணவரைச் சேர்க்கத் தரவரிசை வகுக்கும்போது கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்று பாடங்களின் மதிப்பெண்களே கணக்கில் கொள்ளப்படுகின்றன. மேல்நிலைப் பள்ளியில் தமிழ் பயிலும் மாணவர்க்கு, அப்பாடத்தின் மதிப்பெண் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. இதை மாணவர் அறிவர். பெற்றோர் அவர்களினும் நன்றாக அறிவர். ஆகவே, 'தேர்ச்சி பெற்றால் போதும்' என்னும் எண்ணத்தோடு அமர்ந்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகளின் முன்னே, கையில் ஒரு செய்யுளோடு நிற்க வேண்டியவராகிறார் தமிழாசிரியர்.

நம் பங்குக் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் சிலர் இந்தப் பணிக்குச் செல்கின்றனர். கல்வியியல் பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் இளம்பெண் ஒருவர், பள்ளியொன்றில் கற்பித்தல் பயிற்சி பெற்றுத் திரும்பியபின் என்னிடம் இவ்வாறு கேட்டார்: "சாமி, சொற்பொருள் சொன்னேன்; இலக்கணக் குறிப்புச் சொன்னேன்; ஆசிரியர் குறிப்பையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஒரு முகத்திலும் ஓர் அசைவும் இல்லை. நான் கற்பித்தது இலக்கியந்தானா?"

நாளை ஆசிரியராகப் போகிறவர் இப்படிக் கேட்பது நல்ல அடையாளம். இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. வளரிளம் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கும் உரியது. ஆகவே இருசாராருக்குமாக இதை எழுதுகிறேன்.

சாந்தா ஃபே நகரத்து ஆசிரியர்

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் ஒரு காலத்தில் பள்ளியில் இலக்கிய ஆசிரியராய் இருந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இயேசு சபையில் குருத்துவத்திற்குப் பயில்வோர், படிப்பின் நடுவே சில ஆண்டுகள் ஏதேனும் ஒரு பணித்தளத்தில் உழைப்பது வழக்கம். அவ்வாறு ஹோர்ஹே பெர்கோலியோ என்னும் அந்த இளம் துறவி, 1964, 1965ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினா நாட்டுச் சாந்தா ஃபே நகரிலுள்ள இயேசு சபைப் பள்ளியில், இறுதி இரண்டு வகுப்பு மாணவர்க்கு இலக்கியம் கற்பித்தார். அவருக்கு அப்போது வயது 28.

பாடத்திட்டத்தில் இருந்தது 'எல் சித்' என்னும் பழைய ஸ்பானியக் காப்பியம். போர்வீரன் ஒருவனின் வரலாற்றைப் பாடும் அந்நூல் இடைக்காலத்தது. மாணவர்க்கு அதில் விருப்பம் எழவில்லை. தங்கள் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த கார்சியா லோர்க்காவின் கவிதைகளைப் படிக்கலாமா என்று கேட்டனர். ஆசிரியர் ஒரு முடிவுக்கு வந்தார்: காப்பியத்தை வீட்டில் படிக்கட்டும்; வகுப்பில் அவர்கள் விரும்பும் ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவோம். இதில் ஓரளவு ஆபத்து இருந்தது என்று அவரே பின்னாளில் கூறினார். ஆயினும், விரும்பியதைப் படிக்கப் படிக்கப் பிள்ளைகளுக்குக் கவிதையில் சுவை பிறந்தது. பின் அவர்களாகவே வேறு நூல்களைத் தேடிச் சென்றனர். பாடத்திட்டமும் முடிக்கப்பட்டது.

அத்தோடு நில்லாமல், 1965ஆம் ஆண்டு, உலகப் புகழ்பெற்ற எழுத்தாளரான போர்ஹேசைத் தம் மாணவரிடம் அழைத்து வந்தார் அவர். போர்ஹேஸ் அப்போது பார்வை இழந்தவர். அர்ஜென்டினாவின் தேசிய நூலக இயக்குநர். கடவுள் உண்டென்று உறுதியாகச் சொல்லாதவர். அவரைத் தம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யத் துறவியாகிய ஆசிரியர் தயங்கவில்லை. மாணவர்களைக் கதை எழுதவும் தூண்டினார். அக்கதைகள் நூலாக வெளிவந்தபோது முன்னுரை எழுதியவர் போர்ஹேசே.

இந்த அனுபவத்தைத் திருத்தந்தை மறக்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளிட்டு, மனித உருவாக்கத்தில் இலக்கியத்தின் இடம் பற்றி அவர் எழுதிய மடலில் இதை நினைவுகூர்கிறார். குருமாணவருக்கென எழுதத் தொடங்கிய அம்மடலை, அனைத்துக் கிறிஸ்தவருக்கும் உரியதாக விரித்தார். கடமைக்காக மட்டும், பிறர் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் ஒரு நூலைப் படிப்பது நன்மை பயக்காது என்பது அதில் அவர் வலியுறுத்தும் கருத்துகளில் ஒன்று.

நாத்தான் சொன்ன கதை

இலக்கியம் மனிதனுள் எவ்வாறு வேலை செய்கிறது? இதற்கு விவிலியத்தில் உள்ள மிகத் தெளிவான சான்று, சாமுவேல் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் மாளச் செய்துவிட்டார். அவரைக் கண்டிக்க வந்த இறைவாக்கினர் நாத்தான், கட்டளையை எடுத்து ஓதவில்லை. ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுமாடுகள் உள்ள செல்வன் ஒருவன். ஒரே ஓர் ஆட்டுக்குட்டியைத் தன் பிள்ளைபோல் வளர்த்த ஏழை ஒருவன். விருந்தாளி வந்தபோது செல்வன் அந்த ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான். கேட்ட தாவீது சினத்தால் கொதித்தார். அவன் சாக வேண்டியவன் என்று தீர்ப்பும் கூறினார். அதன் பின்னரே, அந்த மனிதர் நீரே என்று நாத்தான் சுட்டிக் காட்டினார்.

இங்கே இரண்டு படிகள் உள்ளன. முதற்படியில் கேட்பவர் பிறர் துன்பத்துக்குள் நுழைகிறார். இரண்டாம் படியில் அங்கிருந்து தம் வாழ்வுக்குத் திரும்புகிறார். முதற்படி இல்லாமல் இரண்டாம் படி இல்லை. நாத்தான் நீதியை முதலில் சொல்லியிருந்தால் அரசர் கதையைக் கேட்டிருக்கவும் மாட்டார்.

முதற்படியோடு நின்றுவிடுவதும் உண்டு. புனித அகுஸ்தினார் சிறுவயதில் வர்ஜில் எழுதிய காப்பியத்தைப் பள்ளியில் படித்தார். காதலனால் கைவிடப்பட்டு உயிர்விட்ட தீதோ என்னும் அரசிக்காகக் கண்ணீர் வடித்தார். பிற்காலத்தில் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டபோது, தீதோவுக்காக அழுத நான், கடவுளை விட்டு விலகி இறந்துகொண்டிருந்த எனக்காக அழவில்லையே என்று வருந்தினார். கதைக்காக அழும் கண், தன் வீட்டாரின் துயரையும் தன் குறையையும் காணப் பழக வேண்டும். அதற்கு வழிகாட்டுபவரே ஆசிரியர்.

நம் வகுப்பறைகளில் நேர்வது என்ன? செய்யுளை வாசிக்குமுன்பே, 'இப்பாடலின் மையக்கருத்து' எழுதிப் போடப்படுகிறது. பிள்ளை நுழையவேண்டிய வாயிலில் விடை வந்து நின்றுகொள்கிறது.

பத்தாம் வகுப்பில் ஒரு புலம்பல்

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்து, தமிழகம் வந்து, தமிழைக் கசடறக் கற்ற வீரமாமுனிவர், புனித சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கித் தேம்பாவணியைப் பாடினார். 3615 பாடல்கள் கொண்ட அந்நூலிலிருந்து ஒரு பகுதி, 2019ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. திருமுழுக்கு யோவான் அந்நூலில் கருணையன் எனப் பெயர் பெறுகிறார். அவர் தம் தாய் எலிசபெத்தைக் காட்டில் இழந்து, நல்லடக்கம் செய்து புலம்பும் பகுதி அது. எலிசபெத்து அம்மாளின் மறைவு பற்றி நற்செய்தி நூல்கள் ஒன்றும் கூறவில்லை. முனிவர் தம் கற்பனையில் ஒரு மகனின் துயரைக் கண்டார். தாயின் சொல் மழையாயிருந்தது. அம்மழை நின்றதால், மணி பிடிக்குமுன்பே வாடும் இளம்பயிரானேன் என்று மகன் அழுகிறான். காடும் அவனோடு சேர்ந்து அழுவதுபோல் ஒலிக்கிறது.

இதை எவ்வாறு கற்பிப்பது? ஆசிரியராகப் போகிறவர் இவ்வாறு செய்து பார்க்கலாம்.

முதலாவது, பொருள் சொல்லுமுன் பாடலை உரக்க, நிறுத்தி, இரண்டு முறை படியுங்கள். செய்யுள் செவிக்காகப் பிறந்தது. புரியாத சொல்லும் ஓசையால் ஓரளவு தன்னை உணர்த்தும்.

இரண்டாவது, இங்கே துன்பப்படுபவர் யார், அவர் இழந்தது என்ன என்று மட்டும் கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். வகுப்பின் அமைதியைக் கண்டு அஞ்சி, நீங்களே விடை சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது, மழையற்ற பயிரைப் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் வாய் திறப்பான். கணக்கில் பின்தங்கியவனாக அவன் இருக்கலாம்; அன்று அவனே வகுப்புக்கு ஆசிரியன். இதன் பின்னர் உவமையையும் இலக்கணத்தையும் சொல்லுங்கள். அவை அப்போது அயலாகத் தோன்றா.

நான்காவது, ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். தாயை இழந்த பிள்ளை உங்கள் வகுப்பிலேயே அமர்ந்திருக்கக் கூடும். யாரையும் எழுந்து படிக்கும்படி வற்புறுத்த வேண்டாம். எழுதியதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம். தன் துயரைச் சொல்ல முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொற்களைத் தேடி வைத்திருக்கிறார் என்று அப்பிள்ளை அறிந்தால், அதுவே பெரும் ஆறுதல்.

'ஐம்பது பிள்ளைகள், அரசுப் பொதுத்தேர்வு, முடிக்கவேண்டிய பாடம். இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்று கேட்பீர்கள். உண்மைதான். ஒவ்வொரு பாடத்திற்கும் இப்படிச் செய்ய இயலாது. மாதம் ஒரு பாடத்துக்கு ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். சாந்தா ஃபே ஆசிரியரும் பாடத்திட்டத்தைக் கைவிடவில்லை. காப்பியத்துக்கு வீட்டை ஒதுக்கினார், சுவைக்கு வகுப்பை ஒதுக்கினார்.

காதல் பாடும் நூல்கள்

பெற்றோர் பலர் அஞ்சுவது இவ்விடத்திலேதான். 'கதைப் புத்தகம் பிள்ளையைக் கெடுத்துவிடாதா, சாமி?' என்று கேட்கின்றனர். அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். வீரமாமுனிவரே திருக்குறளை இலத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, காமத்துப்பாலை விட்டுவிட்டார். ஆனால் திருச்சபை தன் மறைநூல் தொகுதியில் இனிமைமிகு பாடல் என்னும் காதற் கவிதையை வைத்துப் போற்றுகிறது என்பதையும் மறக்கலாகாது.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த செசரியாவின் ஆயர் புனித பசிலியார், புறச்சமயத்தாரின் இலக்கியங்களைப் படிக்கும் இளைஞருக்கென ஓர் அறிவுரை எழுதினார். அந்நூல்களை விலக்கி வையுங்கள் என்று அவர் கூறவில்லை. தேனீ எல்லா மலர்களிலும் அமர்வதில்லை. அமர்ந்த மலரையும் முழுவதும் தூக்கிச் செல்வதில்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுகிறது. அதுபோல் படியுங்கள் என்றார்.

தேர்ந்தெடுக்கத் தேனீக்குக் கற்பிப்பார் தேவையில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தேவை. காதலைப் பற்றிப் பிள்ளைகள் எப்படியும் அறிந்துகொள்வர். கையிலுள்ள கைப்பேசி அதை இரவும் பகலும் கற்பித்துக்கொண்டிருக்கிறது. அங்கே உடன் அமர்ந்து பேசுவார் எவருமில்லை. பிரிவையும் காத்திருத்தலையும் நாணத்தையும் சொன்ன சொல்லைக் காப்பதையும் நல்ல இலக்கியத்தின் வழியே, அவர்கள் மதிக்கும் ஆசிரியர் ஒருவரின் முன்னிலையில் அறிந்துகொள்வது எவ்வளவோ மேலானது. எதைக் கொடுப்பது என்பதை ஆசிரியர் தாம் முதலில் படித்துத் தேர்ந்து முடிவு செய்யட்டும். தாம் படிக்காத நூலைத் தருவதும் தவறு. படிக்காமலே தடுப்பதும் தவறு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் விதைப்பது வீட்டில் முளைக்க வேண்டும். பிள்ளை ஒரு நூலைக் கையில் எடுத்தால், 'இது தேர்வுக்கு வருமா?' என்று கேட்காதீர்கள். 'என்ன கதை? எனக்கும் சொல்' என்று கேளுங்கள். இரவுச் செபத்திற்குப்பின் பத்து நிமிடம், குடும்பத்தில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கட்டும். ரூத்து, தோபித்து ஆகிய நூல்களிலிருந்தே தொடங்கலாம். மாமியாரும் மருமகளும், தந்தையும் மகனும் நடமாடும் குடும்பக் கதைகள் அவை. வளரிளம் மகன் நம்மோடு பேசுவதில்லை என்று எத்தனையோ தாய்மார் வருந்துகின்றனர். அவன் நெஞ்சில் இருப்பதற்கு அவனிடம் சொல் இல்லை என்பதும் அம்மௌனத்திற்கு ஒரு காரணமாகலாம்.

நம் ஆண்டவரே கதை சொல்லிய ஆசிரியர். ஊதாரி மகனின் உவமையில், மூத்தவன் வீட்டுக்குள் வந்து விருந்தில் அமர்ந்தானா என்று அவர் சொல்லவில்லை. அந்த முடிவைக் கேட்போரிடமே விட்டுவிட்டார். நல்ல சமாரியர் உவமையின் முடிவில், அடுத்திருப்பவர் யார் என்று கேட்டு வந்த அறிஞரையே விடை சொல்லும்படி செய்தார்.

ஆகவே, இலக்கியம் கற்பிக்கப் புறப்படும் நம் பங்கு இளைஞர்களே, நீங்கள் நேசிக்கும் ஒரு பாடலோடு வகுப்புக்குள் செல்லுங்கள். அதை நன்றாகப் படித்துக் காட்டி, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். சில முகங்கள் அன்றே அசையும்; சில, ஆண்டுகள் பல சென்றபின், ஏதோ ஒரு துயர நாளில் அந்தப் பாடலை நினைக்கும். அதை நீங்கள் காணமாட்டீர்கள். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்பது நம் ஆண்டவர் காட்டிய முறை. அவர் உங்கள் பணியை ஆசீர்வதிப்பாராக.