பழைய நிலப்படமும் பதிப்புரிமையும்

இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட பழைய நிலப்படங்களில் ஒரு மைல் நிலம் ஓர் அங்குலமாகச் சுருங்கிக் கிடக்கும். ஏரி, கிணறு, ஒற்றையடிப்பாதை, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஈத்கா திடலுக்கும் அடக்கத்தலத்துக்கும்கூடக் குறியீடு வகுத்திருந்தனர் என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. 1997 ஜனவரி 1 அன்றுதான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் அதற்கு முந்திய படங்களில் இராசிபுரத்தைச் சேலம் மாவட்டத்திலேயே காணலாம்.

2004-இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் திறந்த நிலப்படத்தை உலகெங்குமுள்ள தன்னார்வலர் கூடி வரைகின்றனர். எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். போதமலையின் கீழூர், மேலூர், கெடமலைக்குச் செல்லும் பழைய பாதைகளையோ, தூர்ந்துபோன ஏரி வாய்க்காலையோ, மறைந்துவரும் அடக்கத்தலம் இருந்த இடத்தையோ அதில் பதிய விரும்பும் மாணவருக்குப் பழைய படத்தின் ஒளிவருடிய படி பெருந்துணையாகும். ஆனால் அதைப் பார்த்து வரையும் உரிமை நமக்கு உண்டா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. அரசின் படைப்புக்கு, அது முதன்முதல் வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள் உரிமை நிலைக்கும். முன்னர் ஐம்பதாக இருந்ததை 1992-ஆம் ஆண்டுத் திருத்தம் அறுபதாக்கியது. 1964-இல் வெளியான தாளின் உரிமை 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதன்பின் அது எல்லார்க்கும் பொது.

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகின்றனர். படத்தின் விளிம்பில் அளவை நடந்த ஆண்டு ஒன்றும், பதிப்பு வெளியான ஆண்டு மற்றொன்றுமாக அச்சிடப்பட்டிருக்கும். அளவை 1915-இல் நடந்திருக்கலாம். கையிலுள்ள தாள் புதுச்செய்திகள் சேர்த்து 1972-இல் வெளிவந்த திருத்தப் பதிப்பாக இருக்கலாம். அப்புதுச்செய்திகளுக்கு உரிமை 2032 இறுதிவரை உண்டு. விளிம்பை வெட்டிவிட்டு நடுப்படத்தை மட்டும் வருடி வைப்போர் இவ்வாண்டுச் சான்றையே அழித்துவிடுகின்றனர். ஏட்டின் முதலும் முடிவும் சிதைந்தால் நாம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால் இதன் கேடு விளங்கும்.

அச்சிட்டு வெளியிடாத அரசு ஆவணத்தின் நிலை வேறு. வெளியீடே இல்லாதபோது அறுபதாண்டுக் கணக்கும் தொடங்குவதில்லை. வருவாய்த் துறைப் புலப்படங்களை எடுத்தாளுமுன் இதனைக் கருதுதல் வேண்டும்.

பொதுவாகிவிட்ட படத்தை ஒருவர் வருடியதனால் மட்டும் அவருக்குப் புதிய பதிப்புரிமை பிறக்குமா? வெறும் உழைப்பு போதாது, ஓரளவேனும் படைப்புத்திறன் வேண்டும் என உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-இல் கூறிய கருத்தின்படி, பிறக்காது என்பதே என் துணிபு. எனினும் படியைத் தரும் நூலகம் நிபந்தனை விதித்திருப்பின் அதனை மதித்தல் கடன்.

2021 பிப்ரவரி 15 அன்று நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள், இந்தியர் நிலப்படம் ஆக்குவதற்கு முன்அனுமதி வேண்டியதில்லை என்றன. சிலர் இதனைப் பழைய படங்கள் யாவும் பொதுவாகிவிட்டதாகக் கொள்கின்றனர். வரைவதற்கு இசைவு வேறு; பிறர் வரைந்ததைப் படியெடுக்கும் உரிமை வேறு. கூகுள் நிலப்படத்தைப் பார்த்து வரைவதும் இவ்வாறே கூடாது.

பிறர் உழைப்பு அமானிதம் என்பது ஒருபுறமிருக்க, நம் உழைப்பும் வீணாகும். 2012-இல் அத்திறந்த நிலப்படத்தின் உரிமம் மாறியபோது, உடன்படாதோர் சேர்த்தவை உலகெங்கும் நீக்கப்பட்டன. உரிமையற்ற மூலத்திலிருந்து வரைந்தது தெரியவந்தாலும் அதே கதிதான். ஒரு மாணவன் விடுமுறையெல்லாம் செலவிட்டு வரைந்த முப்பது ஏரிகளும் ஒரே நாளில் மறைந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு பதிவின் கீழும் எந்தத் தாள், எப்பதிப்பு, எவ்வாண்டு என எழுதி வைத்தல் வேண்டும். ஆண்டு தெரியாத படத்தை விட்டுவிட்டு நேரே இடத்திற்குச் செல்லலாம். ஏரியின் பெயரை அவ்வூர்ப் பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொண்டால் எவருடைய பதிப்புரிமையும் அங்கே குறுக்கிடாது. படத்தில் பிழையாக அச்சான பெயரும் பல வேளைகளில் அப்போது திருந்திவிடும்.