பக்கவாதம்: மூளையில் எதைக் காப்பாற்றலாம் என்று காட்டும் எம்.ஆர்.ஐ.!

இரவு நன்றாகத்தான் தூங்கப் போனார். காலையில் எழுந்தால் ஒரு கை அசையவில்லை, பேச்சு குழறுகிறது. பக்கவாதம் எத்தனை மணிக்குத் தாக்கியது? வீட்டில் யாருக்கும் தெரியாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், ஒருகாலத்தில் இப்படி வந்தவர்களுக்குச் சிகிச்சை வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிப் போனது. இப்போது மருத்துவர்கள் கடிகாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. மூளையின் ரத்த ஓட்டத்தையும் அளந்து பார்க்கிறார்கள்.

ரத்தம் குறைந்தால் என்ன ஆகும்?

உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம்தான். ஆனால், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போய்விடும். சேமித்து வைக்கவும் வழியில்லை.

100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 50 மில்லி ரத்தம் பாய்கிறது. இது ஏறக்குறைய 20 மில்லிக்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடும். ஆனால், உயிர் இருக்கும். 10 மில்லிக்கும் கீழே போனால் சீக்கிரமே சாகத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடும் பகுதிக்குப் 'பெனும்ப்ரா' என்று பெயர். சிகிச்சையின் குறியே இதுதான்.

எப்படி அளக்கிறார்கள்?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, காடோலினியம் கலந்த மருந்தைக் கையில் ஊசியாகப் போட்டு, ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு படம் வீதம் எடுத்துக்கொண்டே இருப்பது. மருந்து கடந்துபோகும் இடத்தில் சிக்னல் மங்கும். எங்கே தாமதமாக மங்குகிறதோ, அங்கே ஓட்டம் தடைபட்டிருக்கிறது.

இன்னொன்றுக்கு ஊசியே தேவையில்லை. 1992-ல் அமெரிக்காவில் ஜான் டெட்ரே, ஆலன் கோரெட்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் முன்வைத்த 'ஏ.எஸ்.எல்.' முறை அது. கழுத்து வழியே மேலே ஏறும் ரத்தத்தில் உள்ள தண்ணீருக்கு, ரேடியோ அலையால் காந்த 'முத்திரை' குத்துவார்கள். இரண்டு நொடி போல காத்திருந்து ஒரு படம்; முத்திரை இல்லாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது, புதிதாக வந்து சேர்ந்த ரத்தம்!

அந்த வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான். அதனால் சில நிமிடங்களுக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார்கள். தலையை ஆட்டாமல் படுத்திருக்கணும். குழந்தைகளுக்கும் சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கும் இது வசதி. ஆனால், ரத்தம் மிகத் தாமதமாக வந்தால் வழியிலேயே முத்திரை அழிந்துவிடும். அப்போது ஓட்டமே இல்லாதது போலத் தெரியலாம்.

முடிவு எடுப்பது எப்படி?

'டிஃப்யூஷன்' என்ற இன்னொரு எம்.ஆர்.ஐ. படம், ஏற்கெனவே சிதைந்துவிட்ட பகுதியைக் காட்டும். சிதைந்தது சின்னதாகவும், ரத்தம் குறைந்த பகுதி பெரிதாகவும் இருந்தால், காப்பாற்ற இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

2018-ல் வெளியான 'டிஃபியூஸ் 3' ஆய்வில், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு, 6 முதல் 16 மணி நேரத்துக்குள் ரத்தக் குழாய் வழியாகவே கட்டி அகற்றப்பட்டது. 90 நாள் கழித்து, அவர்களில் 45 சதவீதம் பேர் பிறர் உதவியில்லாமல் வாழும் நிலையில் இருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 17 சதவீதம்தான்.

அப்போ மெதுவாகப் போகலாமா?

கூடவே கூடாது. பெரிய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிவதாக 2006-ல் ஒரு கணக்கு வெளியானது. ஸ்கேன் நேரத்தைக் கூட்டித் தராது. மிச்சம் இருப்பதை மட்டுமே காட்டும்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" அந்த நேரத்தைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள்.