லிங்கன் நினைவாலயம்

பெரியோர்க்கு நினைவுச் சின்னம் எழுப்புதல் எல்லா நாட்டினர்க்கும் பொதுவாகிய வழக்கம். ஆயின், கல்லிலே பொறித்த கொள்கையும் அதனைப் பொறித்தோர் ஒழுக்கமும் எஞ்ஞான்றும் ஒத்திருப்பதில்லை. இவ்வுண்மையை அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனிலுள்ள லிங்கன் நினைவாலயத்தின் அமைப்பும் வரலாறும் நன்கு விளக்குகின்றன.

அடிமைமுறையைக் கைவிட மனமில்லாத தென்மாநிலங்கள் பதினொன்று பிரிந்து தனியரசு நாட்ட, அதனால் மூண்ட உள்நாட்டுப் போரிலே நாட்டின் ஒருமையைக் காத்தவர் ஆபிரகாம் லிங்கன். 1863 இல் அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்ட அவர், 1865 ஏப்பிரிலிற் கொலையுண்டார். இரண்டாண்டுகளில் நினைவுச் சின்னத்திற்கான முயற்சி தொடங்கியதாயினும், பொருள் போதாமையால் அது கைகூடவில்லை. 1911 இல் அமைந்த ஆணைக்குழுவே இப்பணியை நிறைவேற்றியது. பொற்றோமாக் ஆற்றங்கரையிலே, சதுப்பு நிலத்தைத் தூர்த்துப் பெற்ற இடத்தில், 1914 பெப்ரவரி 12 ஆந் திகதி, லிங்கன் பிறந்த நாளன்று, வேலை தொடங்கியது.

கட்டடத்தை வகுத்தவர் ஹென்றி பேக்கன். குடியாட்சியைக் காத்தவர்க்குக் குடியாட்சி தோன்றிய கிரேக்க நாட்டுக் கோயிலமைப்பே தகுமெனக் கொண்ட அவர், அதனை அவ்வாறே பின்பற்றினாரல்லர். கிரேக்கக் கோயிலின் வாயில் குறுகிய பக்கத்தே அமைவது. பேக்கன் அதனை நெடிய பக்கத்தே வைத்தார். புறஞ்சூழ்ந்து நிற்கும் தூண்கள் 36. லிங்கன் இறந்த காலத்து மாநிலங்களின் தொகை அதுவே. பிரிந்துபோன பதினொன்றும் இவ்வெண்ணிக்கையுள் அடங்கும். அவை சட்டப்படி பிரிந்தனவென லிங்கன் ஒருபோதும் ஒப்பவில்லையன்றோ? கற்களும் இக்கருத்தையே கூறுகின்றன. புறச்சுவர் மேற்கிலுள்ள கொலராடோவின் பளிங்கு. உட்சுவர் வடக்கிலுள்ள இந்தியானாவின் சுண்ணக்கல். தளம் தெற்கிலுள்ள தெனசியின் பளிங்கு. ஒளி ஊடுருவும்படி மெழுகூட்டிய விதானக் கற்கள் அலபாமாவிலிருந்து வந்தவை. போரிலே எதிர்நின்ற மாநிலங்கள் ஈண்டு ஒரு கூரையின்கீழ் ஒன்றுபட்டன.

உள்ளே, நம் கோயிற் கருவறையிலே மூர்த்தி விளங்குமாறுபோல, அமர்ந்த கோலத்தில் லிங்கன் காட்சியளிக்கின்றார். டானியல் செஸ்ரர் பிரெஞ்ச் என்னுஞ் சிற்பி முதலில் ஏறத்தாழ 10 அடி உருவையே கருதினார். அகன்ற மண்டபத்தில் அது சிறுத்துத் தோன்றுமெனக் கண்டு 19 அடியாக உயர்த்தினார். ஜோர்ஜியாவின் வெண்பளிங்குத் துண்டங்கள் 28 இணைந்து உருவான சிலை இது. ஒரு கை இறுகியும் மறுகை தளர்ந்தும் இருத்தலை, உறுதிக்கும் இரக்கத்திற்கும் அறிகுறியாகக் கொள்வர். இருபுறச் சுவர்களிலும் அவருடைய சொற்பொழிவுகள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன.

நிற்க. 1922 மே 30 ஆந் திகதி நிகழ்ந்த திறப்பு விழாவில், அழைக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு வேறாக ஒதுக்கிய இடமே கிடைத்தது. விடுதலையளித்தவரின் சந்நிதியிலேயே விடுதலை பெற்றோர் விலக்கப்பட்டனர்! கறுப்பினக் கல்வியாளராகிய றொபேட் மோட்டன் அங்கு உரையாற்றினார். ஆயின் அவர் எழுதிய உரையிலே நாட்டின் குறையை இடித்துரைத்த பகுதிகளை அமைப்பாளர் முன்னரே நீக்குவித்தனர்.

எனினும் கல் பொறுமையுடையது. 1939 இல், நிறங் காரணமாகத் தலைநகரின் பெரிய மண்டபமொன்றில் இடம் மறுக்கப்பட்ட பாடகி மரியன் அண்டர்சன், இவ்வாலயத்தின் படிகளில் நின்று ஏறக்குறைய 75,000 மக்கள் முன் பாடினார். 1963 ஓகஸ்ட் 28 ஆந் திகதி, சமவுரிமை வேண்டித் திரண்ட ஏறத்தாழ 250,000 மக்களுக்கு மாட்டின் லூதர் கிங் இங்கிருந்தே உரையாற்றினார். அவர் நின்ற இடத்தில், 2003 இல், அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டன.

1922 இல் முற்றுப்பெற்றது கட்டடமே. அதன் பொருளை முற்றுவிக்கும் பணியைத் தொடங்கியவர், அன்று புறத்தே நிறுத்தப்பட்ட மக்களாவர். தலைவர்க்கு ஆலயம் எடுத்தல் எளிது. அவர் கொள்கைக்கு வாழ்விலே இடமளித்தலே அரிது.