அண்ணாந்து குடிக்கக் கூடாது

அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியதும் நாங்கள் முதலில் தேடியது தண்ணீரைத்தான். டம்ளரைத் தூக்கி வாயில் ஊற்றினோம். புரையேறியது. உச்சந்தலையில் தட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினோம். மூன்றாம் நாள் காய்ச்சல், அடுத்து நிமோனியா.

ஒரு மடக்கு தொண்டையைக் கடக்கும் நொடியில் குரல்வளை மேலேறி மூச்சுப்பாதை மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதம் தாக்கிய முதல் நாட்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது சரியாக நடப்பதில்லை. தண்ணீர் சட்டென்று ஓடிவிடுவதால் அதுதான் அதிக ஆபத்து. சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை மாத்திரைகூட வாயில் போடக் கூடாது என்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் லான்செட் இதழில் வெளியானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் மூன்றையும் செவிலியர்கள் முறைப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாளில் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ முடியாதோரும் 42 சதவீதம். மற்றவற்றில் 58.

மூக்கில் உணவு டியூப் போட்டாயிற்று, இனி பல் எதற்குத் துலக்க வேண்டும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். எச்சில் டியூப் வழியாகவா போகிறது? வாயில் பெருகும் கிருமிகள் அதோடுதான் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 2 ஆண்டு பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பராமரிப்பவர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா, மற்றவர்களில் 19. 1999இல் வந்த முடிவு இது. ஒரு பிரஷ் செய்யும் வேலை!

ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தபோது பேச்சுப் பயிற்சிக்கு என்றே நினைத்தோம். அவர் கேட்டது ஒரு டீஸ்பூன். அப்பாவை நிமிர்ந்து உட்காரவைத்து, கெட்டித்தயிரில் கால் ஸ்பூன் கொடுத்தார். "மோவாயை நெஞ்சுப் பக்கம் இறக்குங்க ஐயா, அழுத்தி விழுங்குங்க. இப்ப 'ஆ' சொல்லுங்க." குரல் கரகரத்தால் அடுத்த வாய் கிடையாது. எல்லோருக்கும் ஒரே முறை பொருந்தாது என்பதால், சோதித்த பிறகே மோவாயை இறக்கச் சொன்னார். ரசம் சாதம் வேண்டாம் என்றதில் அம்மாவுக்கு வருத்தம். சோறு வாயில் நிற்க, ரசம் முந்திக்கொண்டு ஓடிவிடுமாம். அண்ணாந்து குடிப்பது அறவே கூடாது. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுப்பாதை திறந்துகொள்ளும்.

ஆறாவது வாரம் அரை டவரா காபி, ஸ்பூன் ஸ்பூனாக இருபது நிமிடம் ஆனது. கடைசி ஸ்பூனுக்குப் பிறகு யாரும் கேட்காமலே அப்பா "ஆ" என்றார். குரலில் கரகரப்பு இல்லை. அம்மா தலையணையைச் சரிசெய்யப் போனாள்.

"இன்னும் அரை மணி உட்காரட்டும்மா" என்றார் தெரபிஸ்ட், பிரஷை எடுத்தபடி.