கொல்லையில் ஒரு கொக்கு!

ஓசூரில் புதிதாக சைட் வாங்கிய மனிதரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குவார்கள். அவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பார்!

மனை என்னவோ முப்பதுக்கு நாற்பதுதான். முன்னால் பைக் நிறுத்த இடம், ஹால், இரண்டு ரூம், லோன் கட்டுவதற்காக மாடியில் ஒரு வாடகை போர்ஷன்... எல்லாம் போகப் பின்பக்கம் மிஞ்சுவது நாலே அடி. அந்த நாலடியில்தான் கற்பனைக் குதிரை நாலு கால் பாய்ச்சலில் ஓடும். பச்சைப் புல்தரை, அதில் ஒரு சிமென்ட் மான், ஒற்றைக் காலில் ஒரு கொக்கு, குடை பிடித்த தவளை, பார்க்கில் வாயைப் பிளந்துகொண்டு குப்பை கேட்குமே, அந்த முயல்!

''அப்போ துணி எங்கே காயப் போடறதாம்?'' என்பார் வீட்டுக்கார அம்மா.

''மான் கொம்புல கயிறு கட்டிக்கலாமே...''

சிரிக்காதீர்கள். இந்த ஆசை ஓசூர்க்காரருக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் சார்லஸ் ஐஷம் என்ற பிரபு, 1840-களில் தன் மாளிகைத் தோட்டத்தில் செயற்கையாக ஒரு பாறைக் குன்றே கட்டினார். ஜெர்மனியிலிருந்து குள்ள மனிதர் பொம்மைகளை வரவழைத்து அதில் உட்கார்த்தி வைத்தார். மொத்தம் 21 பேர். அவர் காலத்துக்குப் பிறகு மகள்கள் அந்தக் குள்ளர்களைச் சுட்டே தள்ளினார்கள் என்று ஒரு கதை உண்டு. எப்படியோ, மிஞ்சியது ஒரே ஒரு குள்ளர்தான்!

அமெரிக்காவில் டான் ஃபெதர்ஸ்டோன் என்ற சிற்பி 1957-ல் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பூநாரை ஒன்றை வடிவமைத்தார். வீட்டுப் புல்தரைகளில் அது லட்சக்கணக்கில் குடியேறியது. ''ரசனை கெட்ட வேலை'' என்று திட்டியவர்கள் திட்ட, வாங்கியவர்கள் வாங்க, 1996-ல் கலைக்கான 'இக் நோபல்' பரிசையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதே 1957 வாக்கில்தான் சண்டிகரில் நேக் சந்த் என்ற ரோடு இன்ஸ்பெக்டர் ஒரு காரியம் ஆரம்பித்தார். உடைந்த வளையல், ஓடு, பீங்கான் எல்லாவற்றையும் பொறுக்கி, காட்டுக்குள் ரகசியமாக பொம்மைகள் செய்தார். அரசாங்க நிலம். அனுமதியெல்லாம் கிடையாது. 1975-ல் குட்டு உடைந்தது. இடித்துத் தள்ள வேண்டிய அரசாங்கம், அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்து ''மேலே செய்யுங்க'' என்றது. 1984-ல் பத்மஸ்ரீ! பட்டறை வாசலெல்லாம் பல்சக்கரமும் பழைய செயினும் பேரிங்கும் கிடக்கிற ஓசூர்க்காரர்கள் இந்தக் கதையைக் கவனிக்க வேண்டும். கொக்கு செய்யக் கடைக்குப் போக வேண்டியதில்லை, ஸ்கிராப்பே போதும்.

அதெல்லாம் இருக்கட்டும். சென்னைப் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். கிருஷ்ணகிரிப் பக்கம் கொல்லை என்றால் ராகியும் அவரையும் விளைகிற மானாவாரிக் காடு. அந்தக் கொல்லைகளில் நூற்றாண்டுக் கணக்காகச் சிலைகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. நடுகற்கள்! ஆநிரை மீட்டு மாண்டவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன் எல்லோரும் கையில் வில்லும் வாளுமாகக் கல்லில் நிற்கிறார்கள். ஊர்ஜனங்கள் 'வேடியப்பன்' என்று பெயர் வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள்.

மனிதனுக்கு மட்டும்தான் கல் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். எஜமான் விழுந்த பிறகும் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்ததாம். அதைக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கே தனிக் கல்! பிரபுவின் குள்ளருக்கும் ஃபெதர்ஸ்டோனின் பூநாரைக்கும் ஆயிரம் வருஷம் முன்னாலேயே, பெயர் சொல்லி நாய்க்கும் கோழிக்கும் சிலை வைத்த ஜாதி நாம்.

சங்கடம் இங்கேதான். ஓசூரில் சிப்காட் வந்தது, ஆலைகள் வந்தன, பெங்களூரும் மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கொல்லைகள் சைட் ஆகின்றன. பொக்லைன் வந்து நிலத்தைச் சமன் செய்யும்போது, குறுக்கே சாய்ந்து கிடக்கிற பழைய கல் அதன் டிரைவருக்கு வெறும் கல்தான். ஓரமாகத் தள்ளினால் துணி துவைக்க ஆகும். அடியில் போட்டால் அஸ்திவாரம்.

ஆகவே சைட் வாங்கிய சாரே... தாராளமாகக் கனவு காணுங்கள். மான் வையுங்கள், தவளைக்குக் குடை பிடியுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை உங்கள் மனையைச் சுற்றி நடந்து பாருங்கள். வாளோ வில்லோ எழுத்தோ செதுக்கிய கல் கண்ணில் பட்டால், நகர்த்தாமல் சுண்ணாம்பு பூசாமல் தொல்லியல் துறைக்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லிவிடுங்கள்.

கடையில் வாங்கும் சிமென்ட் நாய்க்கு நீங்கள்தான் பெயர் வைக்க வேண்டும். கல்லில் நிற்கும் நாய்க்கு ஆயிரத்து நானூறு வருஷமாகப் பெயர் இருக்கிறது!