தவளைக் கதையில் வாழும் மலையடிவார ஊர்



1896ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய பிரயாணிகளுள் நரைத்த தலையும் அடர்ந்த மீசையும் கொண்ட அமெரிக்கர் ஒருவரும் இருந்தார். வயது அறுபது. வியாபாரத்தில் முறிந்து, பட்ட கடனைத் தீர்ப்பதற்காக ஊர் ஊராகச் சென்று மேடைகளிற் பேசிப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர். கொழும்புத் தெருக்களில் அவர் கண்ட பட்டாடைகளின் வண்ணங்கள் அவரைச் சொக்க வைத்தன. அந்த வண்ணங்களுக்கு நடுவே மிஷன் பாடசாலைப் பிள்ளைகள் ஐரோப்பியச் சட்டைகளுடன் வரிசையாக வந்த காட்சியோ அவருக்கு மனவருத்தத்தைக் கொடுத்தது. இரண்டையும் அடுத்த ஆண்டு வெளிவந்த தமது பிரயாண நூலில் எழுதி வைத்தார். அவர்தான் மார்க் ட்வைன்.

கொழும்புக்கு வந்தபோது அவர் உலகறிந்த எழுத்தாளர். ஆனால் அவருடைய பெயரை முதன்முதலாக அமெரிக்கா முழுவதும் பேச வைத்தது பெரிய நாவல் எதுவுமன்று. மழைக்கு ஒதுங்கிய ஒரு மலையடிவார ஊரில், தவறணையொன்றிற் கேட்ட தவளைக் கதை. இன்று நாம் போகவிருப்பது அந்த ஊருக்குத்தான்.

கலிபோர்ணியாவின் கிழக்குப் புறமாக நீண்டு கிடக்கிறது சியரா நெவாடா மலைத்தொடர். ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் 'பனி மூடிய மலைத்தொடர்' என்று பொருள். அதன் மேற்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 420 மீற்றர் உயரத்தில் இருக்கிறது ஏஞ்சல்ஸ் காம்ப். பெயரைக் கேட்டதும் தேவதூதர்கள் இறங்கிய இடமோ என்று எண்ண வேண்டாம். 1848இல் அங்கே கடை போட்ட ஹென்றி ஏஞ்சல் என்ற வியாபாரியின் பெயர் அது. ஊர் அமைந்துள்ள மாவட்டத்தின் பெயரோ கலவெராஸ். ஸ்பானிய மொழியில் மண்டையோடுகள்! ஆற்றங்கரையில் மனித மண்டையோடுகள் சிதறிக் கிடக்கக் கண்ட ஸ்பானியப் படையினர் ஆற்றுக்கு இட்ட பெயர் பிறகு மாவட்டத்திற்கும் ஒட்டிக்கொண்டது என்பர். ஆக, மண்டையோட்டு மாவட்டத்தில் ஒரு தேவதூதர் முகாம். கதை பிறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் எங்கே கிடைக்கும்?

2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி இங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 3,700 பேர். நம் நாட்டில் ஒரு பெரிய கிராமத்தின் அளவுதான். ஆயினும் கலவெராஸ் மாவட்டத்தில் நகரசபை அந்தஸ்துப் பெற்ற ஒரே ஊர் இதுவே. 1912இல் அந்த அந்தஸ்துக் கிடைத்தது. சுற்றிலும் ஓக் மரங்கள் நின்ற புல்வெளிக் குன்றுகள். மாரியிலும் வசந்தத்திலும் அவை பச்சைப் பசேல் என்றிருக்கும். கோடை வந்தால் புல் காய்ந்து பொன்னிறமாகிவிடும்.

அந்த ஓக் மரங்களை நம்பி வாழ்ந்தவர்களே இம்மண்ணின் ஆதிக்குடிகளான மீவொக் மக்கள். ஓக் மரத்தின் கொட்டைகளைச் சேகரித்து, பாறையிலே குழி குழியாக அமைத்த உரல்களில் இடித்து மாவாக்குவார்கள். மா கசக்கும். அதன்மீது மீண்டும் மீண்டும் தண்ணீர் ஊற்றிக் கசப்பைப் போக்கி, கூழாகக் காய்ச்சிக் குடிப்பார்கள். அயல் மாவட்டமான அமடோரில் ஒரே பாறைப் பரப்பில் இத்தகைய உரற்குழிகள் 1,185 இருக்கின்றன. எத்தனை தலைமுறைப் பெண்களின் கைகள் அவற்றிற் பட்டிருக்கும்! இன்று அவ்விடம் அரசாங்கத்தின் வரலாற்றுப் பூங்காவாகப் பேணப்படுகிறது. 

1848 ஜனவரி 24ஆம் திகதி கொலோமா என்ற இடத்தில், மர ஆலைக்கு வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவரின் கண்ணில் பொன் துகள் பட்டது. அதன் பிறகு நடந்தது உலகறிந்த கதை. அடுத்த ஆண்டான 1849இல் பொன் தேடி வந்து குவிந்தவர்களை 'நாற்பத்தொன்பதுக்காரர்' என்றே அழைத்தார்கள். இன்று இந்த அடிவார ஊர்களை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலைக்கு 49 என்று இலக்கமிட்டிருப்பதும் அவர்கள் நினைவாகத்தான். முதலில் ஆற்று மணலை அரித்தார்கள். மணல் தீர்ந்ததும் பாறையைக் குடைந்தார்கள். ஏஞ்சல்ஸ் காம்பிற்குத் தெற்கே கார்சன் குன்றில் 1854இல் எடுக்கப்பட்ட ஒரு பொன் பாளம், பொன் நிறுக்கும் நிறைப்படி 195 இறாத்தல் இருந்தது. கலிபோர்ணியாவிற் கிடைத்த மிகப் பெரிய பாளம் அதுவே.

பொன் வந்தது, சனமும் வந்தது. மெக்சிக்கர், சிலிக்காரர், சீனர், பிரெஞ்சுக்காரர், ஐரிஷ்காரர் என்று பல தேசத்தவர். 1850இல் அந்நியச் சுரங்கக்காரர்மீது மாதம் 20 டொலர் வரி விதித்தார்கள். பிறர் மண்ணில் வந்து குடியேறிய ஒருவன், தனக்குப் பின்னால் வந்தவனை 'அந்நியன்' என்று சொல்லி வரி கேட்ட விந்தையை என்னவென்பது! மண்ணின் சொந்தக்காரர்களின் பாடு அதைவிட மோசம். 1851, 52ஆம் ஆண்டுகளில் கலிபோர்ணிய ஆதிக்குடிகளுடன் 18 உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று இந்தப் பகுதியின் ஸ்டனிஸ்லாஸ் ஆற்றோரத்திலே கைச்சாத்தானது. அமெரிக்கச் செனற் சபை ஒன்றையேனும் ஏற்கவில்லை. 1905 வரை அந்தக் கடதாசிகளை வெளியே விடவுமில்லை. 1846இல் ஏறத்தாழ ஒன்றரை இலட்சமாக இருந்த கலிபோர்ணிய ஆதிக்குடிகள் 1870களில் முப்பதினாயிரம் அளவுக்குக் குறைந்துபோனார்கள். நோயும் பட்டினியும் துப்பாக்கியும் அந்த வேலையைச் செய்தன.

இத்தகைய ஊருக்குத்தான் மார்க் ட்வைன் வந்தார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. சான் பிரான்சிஸ்கோவிற் பத்திரிகை நிருபராக இருந்தவர். அடிதடியொன்றில் மாட்டிக்கொண்ட நண்பனுக்குப் பிணை நின்றதாகவும், நண்பன் ஊரைவிட்டு ஓடியதும் தாமும் மலைப்பக்கம் ஒதுங்கியதாகவும் சொல்வர். 1864 டிசம்பரில், ஆற்றுக்கு அப்பால் கழுதைக் குன்று என்ற இடத்தில், அந்த நண்பனின் சகோதரர் வசித்த மரக்குடிசைக்கு வந்து சேர்ந்தார். 1865இன் தொடக்கத்தில் பொன் தேடி ஏஞ்சல்ஸ் காம்பிற்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நாட்கணக்காக விடவில்லை. ஹோட்டல் சாப்பாட்டையும், கழுவிய தண்ணீர் போன்ற கோப்பியையும் பற்றித் தமது குறிப்பேட்டில் அவர் முறையிட்டிருக்கிறார். வேறு வேலை இல்லாததால் தவறணை அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, பென் கூன் என்ற முன்னாள் நதிக்கப்பல் மாலுமி சொன்ன கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்றுதான் தவளைக் கதை.

கதை இதுதான். எதற்கெடுத்தாலும் பந்தயம் கட்டும் ஜிம் ஸ்மைலி என்பவன் ஒரு தவளையைப் பிடித்துப் பாயப் பழக்குகிறான். பிரபல அரசியற் பேச்சாளரான டானியல் வெப்ஸ்டரின் பெயரை அதற்குச் சூட்டுகிறான். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவன், இந்தத் தவளையில் என்ன விசேஷம் என்று அலட்சியமாகக் கேட்கிறான். நாற்பது டொலர் பந்தயம். புதியவனிடம் தவளை இல்லை. அவனுக்கொன்று பிடித்துவர ஸ்மைலி சேற்றில் இறங்குகிறான். அந்த இடைவேளையில் புதியவன் டானியல் வெப்ஸ்டரின் வாயைத் திறந்து, குருவி சுடும் ஈயச் சன்னங்களைக் கரண்டியால் ஊட்டிவிடுகிறான். போட்டியில் புதிய தவளை பாய்கிறது. டானியல் வெப்ஸ்டர் தோளை அசைக்கிறது. இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. புதியவன் காசுடன் போன பிறகு ஸ்மைலி தவளையைத் தலைகீழாகப் பிடிக்கிறான். கை நிறையச் சன்னம் கொட்டுகிறது.

இவ்வளவுதான். இது ட்வைனின் சொந்தக் கற்பனையுமன்று. 1853இலேயே அயலூரான சொனோராவின் பத்திரிகையில் இது போன்றதொரு கதை அச்சாகியிருந்தது. அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன? கதையைச் சொல்வதற்கு சைமன் வீலர் என்ற கிழவரைப் படைத்தார். வேறு யாரையோ பற்றி விசாரிக்க வந்த படித்த மனிதரை மூலையில் இருத்தி, அவர் எழுந்து போகாதபடி தம் கதிரையால் மறித்துக்கொண்டு, சிரிப்பின் சாயலே இல்லாமல் கிழவர் சொல்லிக்கொண்டே போகிறார். தாம் சொல்வதிற் பகிடி இருப்பதாக அவருக்குத் தெரியவே தெரியாது என்பது போன்ற முகம். நம் ஊர்களிலும் அந்திப் பொழுதில் இப்படி முகம் மாறாமற் புழுகக்கூடிய பெரியவர்கள் இருந்தார்கள்தானே? அந்தக் குரலை, அதன் கொச்சையோடும் தடுமாற்றத்தோடும் எழுத்தில் இறக்கியதுதான் ட்வைனின் சாதனை. என் மதிப்பீட்டில், பின்னாளில் ஹக்கிள்பெரி ஃபின் பேசிய பேச்சின் வித்து இந்தத் தவறணையில் விழுந்ததே.

1865 நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க் சஞ்சிகையொன்றிற் கதை வெளிவந்தது. நாடு முழுவதும் பத்திரிகைகள் அதை எடுத்து மறுபிரசுரம் செய்தன. ஆசிரியருக்கோ அது திருப்தி தரவில்லை. இவ்வளவு எழுதியும் இந்தக் காட்டுக் கதையைத்தானா பாராட்ட வேண்டும் என்ற தோரணையில் தாயாருக்குக் கடிதம் எழுதினார்! 1867இல் அவரது முதல் நூல் இக்கதையின் பெயரோடுதான் வந்தது.

மொழிபெயர்ப்பில் ஈடுபாடுள்ள நேயர்களுக்கு இன்னொரு சுவையான செய்தி. 1872இல் இக்கதை பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அதைப் படித்த ட்வைனுக்குப் பொறுக்கவில்லை. பிரெஞ்சு வாசகத்தைச் சொல்லுக்குச் சொல், அதே பிரெஞ்சு வாக்கிய அமைப்பிலேயே ஆங்கிலத்திற்குத் திருப்பிக் கொண்டுவந்து, மூன்றையும் ஒன்றாக வெளியிட்டார். அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் புறப்படுவோர் ஒருமுறையாவது படிக்க வேண்டியது அது.

இந்த வட்டாரத்துப் புழுகு தவளையோடு நின்றுவிடவில்லை. 1866இல் ஏஞ்சல்ஸ் காம்பிற்கு அண்மையில், நிலத்தடியில் 130 அடி ஆழத்தில் மண்டையோடு ஒன்று அகப்பட்டதாகச் செய்தி வந்தது. மாநிலப் புவிச்சரிதவியலாளர் ஜோசையா விட்னி, இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இங்கு மனிதர் வாழ்ந்ததற்குச் சான்று என்று அதை முன்வைத்தார். சுரங்கக்காரர்கள் விளையாட்டாகப் போட்டுவைத்த எலும்பு அது. எழுத்தாளர் பிரெட் ஹார்ட் அதைக் கேலி செய்து கவிதையே பாடினார். அந்த ஹார்ட்டின் பெயரைத்தான் ஏஞ்சல்ஸ் காம்பின் உயர்தரப் பாடசாலை தாங்கியிருக்கிறது. இரண்டு எழுத்தாளர்களைத் தலையில் தூக்கி வைத்திருக்கும் ஊர் இது. யுற்றிக்கா என்ற பெருஞ்சுரங்கம் இருந்த இடம் இப்போது பூங்கா. அங்கே ட்வைனின் சிலை நிற்கிறது. 

அயலில் பார்க்க வேண்டியவை பல. மேர்ஃபிஸ் என்ற சிற்றூர், 1856இல் திறந்த பழைய ஹோட்டலுடனும் திராட்சைத் தோட்டங்களுடனும் இருக்கிறது. சுண்ணாம்புக் குகைகள் உண்டு. மேலே ஏறினால் கலவெராஸ் பெருமரங்கள். 1852இல் காயம்பட்ட கரடியைத் துரத்திச் சென்ற வேட்டைக்காரர் ஒருவர் அந்த செக்கோயா மரங்களைக் கண்டு வந்து சொன்னபோது, சுரங்கக்காரர்கள் புழுகு என்று சிரித்தார்களாம். சிரித்தவர்கள் அடுத்த ஆண்டே அவற்றுட் பெரியதைத் துளையிட்டுத் துளையிட்டு 22 நாட்களில் வீழ்த்தி, அடிக்கட்டையை நடன மேடையாக்கினார்கள். எஞ்சிய மரங்கள் 1931இல் அரசாங்கப் பூங்காவாகிப் பிழைத்தன. 

சுரங்கங்கள் மூடப்பட்டன, பொன் போய்விட்டது. பிரதான வீதிக்குத் தளம் போட்டதைக் கொண்டாட 1928இல் ஊரார் யோசித்தபோது அவர்களுக்கு நினைவு வந்தது தவளை. அன்று தொடங்கிய தவளைப் பாய்ச்சற் போட்டி, மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் நடக்கும் மாவட்டச் சந்தையின் உயிர்நாடியாகிவிட்டது. தவளை தொடர்ந்து மூன்று முறை பாய வேண்டும். தொடங்கிய புள்ளியிலிருந்து மூன்றாவது பாய்ச்சல் முடிந்த இடம் வரை நேர்கோட்டில் அளப்பார்கள். 1986இல் ரோசி என்ற தவளை 21 அடி 5¾ அங்குலம் பாய்ந்து நெடுங்காலச் சாதனையை நிலைநாட்டியது. ஆய்வுகூடத்தில் இந்த இனத் தவளை ஒரு பாய்ச்சலில் 1.3 மீற்றருக்கு மேற் போனதில்லையே என்று சந்தேகித்த பிரவுண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சந்தைக்கே வந்து, மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாய்ச்சல்களைப் படமெடுத்தார்கள். 2.2 மீற்றர் வரை பாய்ந்தது. 2013இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, குறைந்தது ஆய்வுகூட அளவுதான் என்பது. இம்முறை ஊரார் புழுகவில்லை.

ஆனால் பாய்கின்ற தவளை ட்வைன் கேட்ட கதையின் தவளையன்று. போட்டியில் விடுவது காளைத் தவளை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரியது. இம்மண்ணின் தவளை செங்கால் தவளை. நாரைக்குச் செங்கால் சூட்டிய தமிழுக்கு அப்பெயர் அந்நியமன்று. டானியல் வெப்ஸ்டர் அந்த இனமாகத்தான் இருந்திருக்கும். பொன் தேடி வந்த கூட்டம் தவளைக்காலை விரும்பித் தின்றது. சான் பிரான்சிஸ்கோச் சந்தைக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் செங்கால் தவளைகள் போயின. அவை அருகியதும், 1896இலிருந்து காளைத் தவளையைக் கொண்டுவந்து விட்டார்கள். மார்க் ட்வைன் கொழும்பிலே வண்ண ஆடைகளைப் பார்த்து வியந்த அதே ஆண்டு. பெரிய உடம்பும் பெரிய வாயும் கொண்ட வந்தேறித் தவளை, மிஞ்சியிருந்த உள்ளூர்த் தவளையையும் விழுங்கியது. 1996இல் செங்கால் தவளை அழியும் ஆபத்துள்ள உயிரினமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 2014இல் கலிபோர்ணியா அதைத் தன் மாநில ஈரூடகவாழியாகவும் தெரிவு செய்தது.

கலவெராஸ் மாவட்டத்தில் அது அற்றுப்போய்விட்டது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள். 2003இல் தனியாருக்குச் சொந்தமான குளமொன்றில் சில செங்கால் தவளைகள் காணப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் துன்புறுத்துவதும் குற்றம். ஆகையால் மே மாதச் சந்தையில் சனம் ஆரவாரிக்கும்போது, கதைக்குரிய தவளை அந்தத் திடலுக்கு வருவதில்லை.